கூழைக்கடா இறங்கும் வழி

ஒரு காட்டில், மரங்கள் எல்லாம் பின்வாங்கி நின்றுகொண்ட இடத்தில், நீளமான ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்குக் கிழக்கே இரண்டு பனைமரங்கள். மேற்கே சரளைக்கல் மேடு. ஏரியின் ஓரமாகத் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன.

நீங்கள் கூழைக்கடாவைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய பறவை. அலகின் கீழே பை ஒன்று தொங்கும். காலையில் கடல் பக்கம் போய், தொண்டை நிறைய மீனை அடைத்துக்கொண்டு, சாயங்காலம் குஞ்சுகளிடம் திரும்பும். பறப்பதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. இறங்குவதில்தான் சங்கடம். சிட்டுக்குருவியைப்போல் நினைத்த இடத்தில் அதனால் நிற்க முடியாது. இரண்டு பனைகளுக்கும் நடுவே நுழைந்து, விரித்த சிறகு விரித்தபடியே சரிந்து வந்து, கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் உரசி, வெகுதூரம் வழுக்கிப் போன பிறகுதான் நிற்கும். சரியத் தொடங்கிவிட்டால் பாதியில் திரும்புவது அதற்குப் பெரும்பாடு.

அதனால் அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. கூழைக்கடா இறங்கும்போது பனைகளிலிருந்து சரளை மேடு வரைக்கும் உள்ள ஆகாயத்தில் யாரும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் எல்லோரையும் எச்சரிக்கும் வேலை வடிவு என்ற ஆள்காட்டிக் குருவியுடையது.

வடிவுக்கு நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டுச் சிவப்புச் சதை, எந்நேரமும் கவலை. சரளை மேட்டில் நின்றால் பனைகளும் தெரியும், தண்ணீரும் தெரியும். பனைகளுக்கு அப்பால் பெரிய சிறகு ஒன்று தெரிந்ததும் அவள் கத்துவாள்.

"வழி! வழி! வழி விடுங்கள்!"

மீன்கொத்தி கிளையில் உட்காரும். தகைவிலான் குருவிகள் கரையோரம் ஒதுங்கும். தட்டான்கூட நாணலைப் பிடித்துக்கொள்ளும். சளாரென்று தண்ணீர் கிழிபடும். அலை அடங்கியதும், "ஆச்சு! ஆச்சு!" என்பாள் வடிவு. எல்லோரும் மறுபடி கிளம்புவார்கள்.

வடிவின் கவலைக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் நிற்கும் அதே சரளை மேட்டில், கல்லோடு கல்லாக, அவளுடைய நான்கு முட்டைகள் கிடந்தன. கல்லின் நிறம், கல்லின் புள்ளி. கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் சேர, நாலிதழ்ப் பூவைப்போல் அடுக்கியிருந்தாள். வெயில் ஏறும்போது அவளும் துணைவனும் மாறி மாறி ஏரியில் வயிற்றை நனைத்து வந்து, ஈர இறகால் முட்டைகளைக் குளிர்விப்பார்கள். சாயங்காலம் துணைவன் இரை தேடப் போய்விடுவான். காவலும் முட்டையும் அப்போது அவள் ஒருத்தியின் பொறுப்பு.

அந்த முட்டைகளைப் பற்றி ஏரியில் ஒருவருக்கும் தெரியாது. ஆள்காட்டி இனத்தின் கட்டுப்பாடு அது. முட்டை இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது. யாராவது, "கூடு எங்கே?" என்று கேட்டால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏனென்றால் மைனாவுக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் காக்கைக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கோடையில் கரிச்சான் ஒருவன் ஏரிக்குக் குடிவந்தான். பெயர் துடியன். உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு. கத்தரிக்கோல்போல் பிளந்த வால். ஏரிக்கரை மருதமரத்தில் அவனும் அவன் மனைவியும் கூடு கட்டினார்கள்.

கரிச்சானுக்கு ஒரு குணம் உண்டு. தன் மரத்தின் பக்கம் யார் வந்தாலும் பொறுக்காது. வந்த முதல் நாளே ஒரு காக்கையை நடு ஏரி வரை துரத்திக் கொத்தினான் துடியன். மறுநாள் பருந்து ஒன்று அந்தப் பக்கமாகச் சும்மாதான் போயிற்று. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து இறகைப் பிடுங்கினான். பருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது.

"அடேயப்பா! பருந்தையே ஓடவிட்டுவிட்டாயே!" என்றாள் செல்லி மைனா. வேடிக்கை பார்ப்பதும், பார்த்ததை ஊருக்கெல்லாம் சொல்வதும்தான் அவள் வேலை.

"உடம்பில் என்ன இருக்கிறது, செல்லி? நான் எதிரே வந்தால் எப்பேர்ப்பட்ட பெரிய பறவையும் ஒதுங்கிவிடும்" என்றான் துடியன்.

இரண்டு நாள் கழித்துக் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. சாயங்காலம் ஏரிக்கு மேலே ஈசல் கிளம்பியது. தகைவிலான்கள், மீன்கொத்தி, துடியன் என்று எல்லோரும் பறந்து பறந்து தின்றுகொண்டிருந்தார்கள். அப்போது பனைகளுக்கு அப்பால் பெரிய சிறகு தெரிந்தது.

"வழி! வழி! வழி விடுங்கள்!"

நிமிடத்தில் ஆகாயம் காலியானது. ஒருவன் மட்டும் உட்காரவில்லை. போட்டிக்கு ஆளில்லாத ஈசல் கூட்டத்தின் நடுவே, கூழைக்கடா வரும் வழியிலேயே, துடியன் சுழன்று சுழன்று தின்றுகொண்டிருந்தான்.

"துடியா! விலகு! வெள்ளையம்மா வருகிறாள்!"

வெள்ளையம்மா என்பது அந்தக் கூழைக்கடாவின் பெயர். அவள் ஏற்கெனவே பனைகளைத் தாண்டிவிட்டாள். கால்களை நீட்டிவிட்டாள். கண்ணுக்கு நேரே ஒரு கறுப்புத் துணுக்கு துள்ளுவதை அப்போதுதான் கண்டாள். சட்டென்று இடது சிறகை மடக்கினாள். அவளுடைய பெரிய உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தொண்டையிலிருந்த மீன்களில் பாதி தண்ணீரில் கொட்டியது. கருவேலங் கிளை ஒன்றில் சிறகு உரச, கோணலாக ஏரியில் விழுந்து, தட்டுத் தடுமாறி நிமிர்ந்தாள்.

வடிவு, முட்டைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, துடியன் உட்கார்ந்திருந்த கரையோரத்துப் பட்ட மரக்கட்டைக்குப் பறந்தாள்.

"என்ன கூச்சல், ஆள்காட்டி அக்கா? ஈசலெல்லாம் கலைகிறது" என்றான் துடியன், வாயில் ஈசலோடு.

"நடுவழியில் நின்றாயே, துடியா!"

"நின்றேன். அதற்கென்ன? அவள்தான் பயந்து ஒதுங்கிவிட்டாளே."

"பயந்தா? நீ நசுங்கிப் போகக் கூடாதே என்றல்லவா திரும்பினாள்!"

"பருந்து ஒதுங்குகிறது. காக்கை ஒதுங்குகிறது. இவளும் ஒதுங்குகிறாள். மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது." ஈசலை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "மோதினேனா? இல்லை. யாருக்காவது ஏதாவது ஆனதா? அதுவும் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்?"

"நான் பார்த்தேன்! ஒரு சாண் இடைவெளி!" என்று கிளையில் குதித்தாள் செல்லி மைனா. "ஒரே சாண்! என்ன தைரியம்!"

வடிவுக்கு அதற்குமேல் பேச வரவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால் அவளுக்கு நா எழாது. "வழி" என்று கத்துவதற்கு மட்டும்தான் அவள் குரல் பழகியிருந்தது. மெல்ல நடந்து வெள்ளையம்மாவிடம் போனாள்.

வெள்ளையம்மா கூட்டின் கீழே, தண்ணீரில் மிதந்தபடி இடது சிறகை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவளுடைய குஞ்சுகள் பசியில் கத்தின.

"அடிபட்டுவிட்டதா, அக்கா?"

"தோள்மூட்டில் சுளுக்கு. அது போகட்டும். மீன்தான் பாதி போய்விட்டது. இன்றைக்குச் சின்னவனுக்கு இல்லை." வெள்ளையம்மா சிறகை மெல்ல மடக்கினாள். "அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, வடிவு. பயம்தான். அவ்வளவு சின்ன உடம்பு. மரத்து நிழலில் கறுப்பு எங்கே தெரிகிறது? கண்ணுக்குத் தெரிந்தபோது என் அலகுக்கு முன்னால் நிற்கிறான். நாளைக்கு இறங்கும்போது நான் தண்ணீரைப் பார்ப்பதா, அவன் எங்கே இருக்கிறான் என்று தேடுவதா?"

"நான் அவனிடம் சொல்கிறேன், அக்கா."

"சொல். நீ சொன்னால் கேட்பார்கள்."

கேட்கவில்லை. மறுநாளும் துடியன் வழியில் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். வடிவு, "வழி!" என்றதும் மற்றவர்கள் உட்காருவார்கள்; அதுதான் அவனுக்குப் பந்தி விரிக்கும் நேரமாகிவிட்டது. கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விலகி இறங்கின. ஒருத்தி மேலே எழும்பிச் சுற்றிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி நாணலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டாள். துடியனுக்கு ஓர் இறகுகூட உதிரவில்லை. மாலை நேரம் ஆனால் மைனாக்கள் கிளை பிடித்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கின.

"இன்றைக்கு எத்தனை சாண்?"

"இன்றைக்கு அரைச் சாண்தான்! என் கண்ணால் பார்த்தேன்!"

வடிவுக்குத் தூக்கம் போயிற்று. முட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும்போதும் பனைகளையே பார்த்தாள். கொக்கு ஒன்று தூரத்தில் தெரிந்தால்கூடக் கூழைக்கடா என்று நினைத்துக் கத்தினாள். மற்ற பறவைகள் முணுமுணுத்தன.

"எந்நேரமும் கத்தல். காது போகிறது."

"அதுதான் ஒன்றும் ஆகவில்லையே! இவள் மட்டும் ஏன் சாகிறாள்?"

பிறகு ஒரு நாள் கிழக்கிலிருந்து காற்று வீசியது. அது கூழைக்கடாவைப் பின்னாலிருந்து தள்ளும். பறவை வழக்கத்தைவிட அதிக தூரம் வழுக்கிக்கொண்டு மேடு வரைக்கும் வந்துவிடும். அன்று வெள்ளையம்மா இறங்கியபோது துடியன் அவள் அலகுக்குக் கீழே புகுந்து மறுபக்கம் வெளிவந்தான். வெள்ளையம்மா தண்ணீரில் கால் வைக்கப் போனவள், பதறிச் சிறகை அடித்து எழும்பினாள். அவனைத் தாண்டி, வெகுதூரம் தாண்டி, மேட்டுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீரில் தொப்பென்று விழுந்தாள்.

பெரிய அலை ஒன்று எழுந்தது. அது சரளை மேட்டில் ஏறியது. வடிவு ஓடிவந்து சிறகை விரித்து முட்டைகளின்மேல் படுத்தாள். தண்ணீர் அவள் நெஞ்சுவரை மூடி, கற்களைக் கலகலவென்று புரட்டிவிட்டு இறங்கியது.

அவள் மெல்ல எழுந்து பார்த்தாள்.

மூன்று முட்டைகள் இருந்தன.

அவள் கற்களிடையே தேடினாள். தண்ணீரின் ஓரமாக நடந்து நடந்து தேடினாள். ஒவ்வொரு கல்லும் முட்டைபோல் இருந்தது. ஒன்றும் முட்டை இல்லை. தலைக்கு மேலே மருதமரத்தில் ஒரே ஆரவாரம்.

"அலகுக்கு அடியில் புகுந்து வந்தான்! பார்த்தீர்களா? அலகுக்கு அடியில்!"

"ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டது ஒரு தகைவிலான்.

"என்ன ஆகும்? அவள் அங்கே, நான் இங்கே. ஒன்றும் ஆகவில்லை!" என்றான் துடியன்.

வடிவு தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள். "என் முட்டை" என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. கிளை முழுக்க மைனாக்கள். அவற்றின் பின்னால், பனைமட்டையில், ஒரு காக்கை. அந்தச் சொல்லை அவள் விழுங்கிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் பார்த்தபடி நடந்தாள்.

அன்று இருட்டும் முன் துணைவன் வந்து முட்டைகளைப் பார்த்தான். மிஞ்சிய மூன்றையும் அலகால் நெருக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றான்.

"வேறு இடம் போய்விடலாமா?" என்றான் கடைசியில்.

"முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?" என்றாள் வடிவு. "குஞ்சு பொரிக்க இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும்..."

அதுவரைக்கும் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே செல்லி மைனா ஏரி முழுக்கச் செய்தி சொல்லிக்கொண்டு போனாள். "சாயங்காலம் எல்லோரும் வந்துவிடுங்கள்! துடியன் புது வித்தை காட்டப் போகிறான்! எருமை முதுகில் உட்காருகிற மாதிரி, வெள்ளையம்மா இறங்கும்போதே அவள் முதுகில் உட்கார்ந்து வரப் போகிறான்!"

வடிவு நேரே மருதமரத்துக்குக் கீழே போய் நின்றாள். கிளைகளில் இன்னும் கூட்டம் சேரவில்லை. அதனால் கொஞ்சம் பேச வந்தது.

"துடியா, வேண்டாம். இன்றைக்கும் கிழக்குக் காற்று. அவளுக்குச் சிறகில் சுளுக்கு வேறு. நேராக வந்தால் ஒழுங்காக நின்றுவிடுவாள். நீ குறுக்கே போனால் அவளால் தாங்க முடியாது."

"எருமை தாங்கவில்லையா?"

"எருமை பறக்கவில்லையே!"

துடியன் வாலை ஆட்டிச் சிரித்தான். "அக்கா, எனக்குச் சிறகு இருக்கிறது. ஏதாவது என்றால் கண் இமைக்கும் நேரத்தில் விலகிவிடுவேன். இத்தனை நாளாக விலகவில்லையா?"

"நீ ஒரு நாளும் விலகவில்லை. அவர்கள்தான் விலகினார்கள்."

"சரி, அப்படியே இருக்கட்டும். இன்றைக்கும் விலகுவார்கள். உன் வேலை கத்துவது, நீ கத்து. என் வேலை..." சொல்லிக்கொண்டிருந்தவன் விருட்டென்று எழும்பினான். காக்கை ஒன்று மருதமரத்துக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. மரத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் துடியன் பேச்சை மறந்தான், சிரிப்பை மறந்தான், அம்புபோல் பாய்ந்து அதன் தலையில் கொத்தி, காடு வரைக்கும் துரத்திவிட்டுத்தான் திரும்பினான்.

வடிவு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

சாயங்காலம் வந்தது. காற்று கிழக்கிலிருந்து ஒரே சீராகத் தள்ளிக்கொண்டிருந்தது. கிளையெல்லாம் வேடிக்கைக் கூட்டம். கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அவற்றையெல்லாம் துடியன் விட்டுவிட்டான். அவன் வெள்ளையம்மாவுக்காகக் காத்திருந்தான்.

எல்லோருக்கும் கடைசியாக அவள் வந்தாள். அவள் பறக்கும் விதத்திலேயே இடது சிறகு தாழ்ந்திருப்பது தெரிந்தது. தொண்டை நிறைய மீன். தூரத்தில் தாயின் நிழலைக் கண்டதும் குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

"வழி! வழி! வழி விடுங்கள்!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். துடியன் மட்டும் கிளம்பினான். பனைகளுக்கு நடுவே போய், எதிர்காற்றில் அங்கேயே துள்ளிக்கொண்டு நின்றான்.

"துடியா! விலகு!" வடிவின் குரல் கம்மிப் போயிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா சரியத் தொடங்கிவிட்டாள். இடப்பக்கம் திரும்ப அந்தச் சிறகால் ஆகாது. வலப்பக்கமும் கருவேல மரங்கள். எழும்பித் தாண்டினால், இந்தக் காற்றில், அவள் வந்து விழும் இடம் சரளை மேடுதான். தண்ணீர்கூட இல்லை, நேராக மேடுதான். அவள் நெஞ்செலும்பும் நொறுங்கும், மூன்று முட்டைகளும் நொறுங்கும்.

முட்டைகளின்மேல் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று வடிவின் உடம்பு துடித்தது. கால்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தன. ஆனால் அவள் முட்டைகளை விட்டுவிட்டுப் பறந்தாள். துடியனை நோக்கி அல்ல. மருதமரத்தை நோக்கி.

ஒரு வார்த்தை பேசாமல், சிறகை அகல விரித்து, துடியனின் கூட்டுக்கு மேலேயே போய் அலகை நீட்டினாள்.

கூட்டில் உட்கார்ந்திருந்த துடியன் மனைவி அலறினாள். "ஐயோ! துடியா! முட்டை திருட வந்துவிட்டாள்! சீக்கிரம் வா!"

துடியன் திரும்பிப் பார்த்தான். தன் மரம். தன் கூடு. அதன்மேல் ஒரு பெரிய பறவை. வித்தையாவது, வேடிக்கையாவது! பனைகளை விட்டு, வழியை விட்டு, கறுப்புக் கல்போல் மருதமரத்தின்மேல் பாய்ந்தான். முதல் கொத்து வடிவின் உச்சந்தலையில் விழுந்தது.

அந்த நொடியில் வெள்ளையம்மா பனைகளைக் கடந்தாள். அவளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் ஆகாயம், வெறும் தண்ணீர்.

சளாரென்று தண்ணீர் நேராகக் கிழிபடும் சத்தம் வடிவின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவள் சரளை மேட்டை நோக்கி உயிரைக் கொடுத்துப் பறந்தாள். துடியன் விடவில்லை. முதுகில் கொத்தினான், கழுத்தில் கொத்தினான்.

"திருடி! காவல்காரியாம் காவல்காரி! கூட்டையா கலைக்கப் பார்த்தாய்?"

வடிவு அலை மேட்டில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதற்கு முன் போய்ச் சேர முடியுமா என்பது ஒன்றுதான் அவள் மனத்தில் இருந்தது. அலை ஏறியது. கற்களை நனைத்தது. கல் ஒன்றைப் புரட்டியது. முட்டைகளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நுரை விட்டு, திரும்பி இறங்கியது.

வடிவு விழுந்ததுபோல் வந்து இறங்கி, முட்டைகளின்மேல் சிறகை விரித்தாள். தலையிலிருந்து இரத்தம் வடிந்து சிவப்புச் சதையோடு கலந்தது.

மறுபடி கொத்த அலகை நீட்டிய துடியன் அந்தரத்தில் அப்படியே நின்றான். விரிந்த சிறகின் ஓரத்தில், கல் இல்லாத ஒன்று அவனுக்குத் தெரிந்தது. அவன் மெல்லச் சரளையில் இறங்கினான்.

"அக்கா," என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "உனக்கும் முட்டை இருக்கிறதா? இங்கேயா?"

"மெதுவாகப் பேசு. காக்கை இருக்கிறது."

துடியன் சுற்றிலும் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "என் கூட்டை நீ..."

"தொடக்கூட இல்லை. போய்ப் பார்த்துக்கொள். உன்னை வழியிலிருந்து கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை."

அவன் ஏரியைப் பார்த்தான். பனைகளிலிருந்து மேடு வரைக்கும், வெள்ளையம்மா வழுக்கி வந்த தடம் தண்ணீரில் ஒரு நீண்ட கோடாக இன்னும் கலையாமல் இருந்தது. கோடு முடிந்த இடத்திலிருந்து முட்டைகள் எவ்வளவு தூரம் என்று பார்த்தான். கூழைக்கடா இறங்கும் வழியை அவன் அதுவரை மேலே நின்றுதான் பார்த்திருந்தான். அது வந்து முடியும் இடத்தில் நின்று பார்த்ததே இல்லை.

வடிவு எழுந்து, முட்டைகளை அலகால் சரிசெய்தாள். மூன்றின் கூர்முனைகளும் உள்பக்கம் சேர்ந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் இடம் காலியாக இருந்தது, ஓர் இதழ் உதிர்ந்த பூவைப்போல்.

"இது என்ன இடைவெளி?" என்று கேட்டான் துடியன்.

"அங்கே ஒன்று இருந்தது."

"எங்கே போயிற்று?"

"அலை கொண்டுபோயிற்று."

"என்றைக்கு?"

வடிவு முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒன்றும் ஆகவில்லை என்று மரத்திலிருந்து சொன்னாயே, நேற்று. அன்றைக்கு."

துடியன் பிளந்த வாலை மடக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு பறந்து போனான்.

மறுநாள் சாயங்காலம் ஏரிக்கு மேலே ஈசல் புகைபோல் எழுந்தது. பனைகளுக்கு அப்பால் பெரிய சிறகு தெரிந்தது.

"வழி! வழி! வழி விடுங்கள்!"

எல்லோருக்கும் முன்பாகத் துடியன் வந்து பட்ட மரக்கட்டையில் உட்கார்ந்தான். மூக்குக்கு நேரே ஈசல் பறந்தது. அதைக்கூடக் கொத்தவில்லை.

"என்ன துடியா?" செல்லி மைனாவுக்குத் தாங்கவில்லை. "கிளை பிடித்து உட்கார்ந்திருக்கிறோம், நீ பாட்டுக்குச் சும்மா இருக்கிறாயே! பயந்துவிட்டாயா?"

"ஆமாம்" என்றான் துடியன்.

"கூழைக்கடாவுக்கா? நீயா? எதற்கு?"

துடியன் அவளைப் பார்த்தான். பிறகு, சரளை மேட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

வெள்ளையம்மா நேராக வந்து, நேராக இறங்கினாள்.

நீதி: மோதாமல் தப்பினோம் என்று மகிழும் முன், நமக்காக விலகியவர் எதை இழந்தார் என்று பார்க்க வேண்டும்.